ரோபோ வேக்குவத்துக்கு வீட்டைப் பழக்கிய கதை

தானாக ஓடி வீட்டைப் பெருக்கும் ரோபோ வேக்குவம் வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளில் அதை மூலையில் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "ஒயர்ல சிக்கிக்குது, சோபாவுக்கு அடியில மாட்டிக்குது, அதை இழுத்து வெளியே விடுறதுக்குள்ள நானே பெருக்கிடலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அவர்கள் சொல்வது நிஜம். ஆனால் அந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரு தடவை உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் திரும்ப வராதவை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி. குனிந்து பெருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் விளக்குமாற்றைக் கீழே வைக்க மாட்டார், கட்டிலுக்கு அடியில் தூசி இருப்பது தெரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் இந்தக் கருவி யாரும் பக்கத்தில் நிற்காமல் தினமும் தானாக ஓடி முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு. அதற்காக வீட்டில் என்னென்ன மாற்றினேன், கருவியில் எது எது பழுதானது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

இது எப்படிப் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது. 2001-ல் எலக்ட்ரோலக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த டிரைலோபைட், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்துத் தடைகளைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா வந்தது. அது மேப் எதுவும் போடாது. முட்டும், திரும்பும், சுவரை ஒட்டி ஓடும், சுருளாகச் சுற்றும், இப்படிப் போகப் போக அறையில் பெரும்பகுதி பெருக்கப்பட்டுவிடும். 2010-ல் நீட்டோ நிறுவனத்தின் கருவி சுழலும் லேசரோடு வந்தது; இன்று பரவலாக விற்கும் மாடல்களில் பலவற்றின் தலையில் இருக்கும் அந்த வட்ட மேடு இதே வகைதான். லேசர் நொடிக்குப் பல முறை சுழன்று, சுற்றியிருக்கும் சுவரும் மேசைக்காலும் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவுகளை வைத்து மேப்பையும் போட்டு, அந்த மேப்பில் தான் எங்கே நிற்கிறோம் என்பதையும் அதே நேரத்தில் கணக்குப் போடும். ஒரே அறை என்றால் முட்டித் திரும்பும் பழைய வகையே போதும். இரண்டு மூன்று அறைகளை ஆளில்லாமல் முடிக்க வேண்டுமென்றால் லேசர் வகைதான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. உறிஞ்சும் சக்தி எத்தனை பாஸ்கல் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சாதாரணத் தரைக்கு அதைவிட, விட்ட இடம் தெரிந்து திரும்ப வந்து முடிக்கிறதா என்பதுதான் முக்கியம்.

லேசர் ஒரே ஒரு உயரத்தில்தான் பார்க்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கருவியில் அது தரையிலிருந்து சுமார் 9 சென்டிமீட்டர். அதற்குக் கீழே கிடக்கும் ஒயர், செருப்பு, எடை பார்க்கும் மெஷின் எதுவும் லேசருக்குத் தெரியாது. முன்னால் கேமரா உள்ள மாடல்கள் அவற்றை ஓரளவு கண்டுபிடிக்கும். என்னுடையதில் கேமரா கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். கருவியை ஓடவிடுவதற்கு முன்னால் நான் செய்த முதல் பொருள் ஒரு அளவுக் கட்டை. என் கருவியின் உயரம் லேசர் மேட்டோடு சேர்த்து 9.7 சென்டிமீட்டர், விட்டம் 35 சென்டிமீட்டர். மிச்சமிருந்த மரத்துண்டு ஒன்றை 10.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து, அதைத் தரையில் தள்ளிக்கொண்டே வீடு முழுக்கப் போனேன். கட்டை தாராளமாக நுழைந்தால் கருவியும் நுழையும். நன்றாக முட்டி நின்றால் அங்கே கருவியும் திரும்பிவிடும். ஆபத்தான இடம் நடுவில் இருக்கிறது: கட்டை உரசிக்கொண்டு போகும் இடம். அங்கேதான் கருவி பாதி தூரம் போய், ஏதோ ஒரு மேட்டில் ஏறி, தலை மேலே இடித்து அசைய முடியாமல் நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது சோபா. முன்பக்கம் இடம் இருந்தது, உள்ளே போகப் போகக் கட்டை இறுகியது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் அடித்திருந்த கறுப்புத் துணி பின் கழன்று நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. சோபாவைச் சாய்த்து, துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் துப்பாக்கியால் சுற்றிலும் அடித்தேன். அப்புறம் நான்கு கால்களுக்கும் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் மரவட்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு சோபாவுக்கு அடியில் அது மாட்டிக்கொண்டதே இல்லை.

அகலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 35 சென்டிமீட்டர் கருவி 36 சென்டிமீட்டர் இடைவெளியில் போகத் துணியாது. சுற்றிலும் கொஞ்சம் இடம் வைத்துத்தான் பாதை போடும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலி என்றால் பதினாறு கால்கள், மேசைக்கு இன்னும் நான்கு. இந்தக் காட்டுக்குள் அது நுழைந்து வெளியே வருவதற்கே பாதி நேரம் போய்விடும். நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்ப்பதுதான் சுலபமான வழி, ஆனால் அந்த வேலையை அம்மா செய்வதை நான் விரும்பவில்லை. நாற்காலிகளை மேசையோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் கருவியின் போன் ஆப்பில் தனி அறையாகப் பிரித்து, நான் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் நாற்காலிகளை நகர்த்திவிட்டு ஓடவிடுகிறேன். கால்களுக்குப் பதிலாகத் தரையோடு தரையாக வளைந்த கம்பி உள்ள நாற்காலி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கம்பி லேசருக்குத் தெரியாது, கருவி அதன்மேல் ஏறி, சக்கரம் அந்தரத்தில் சுற்றும்.

ஒயர்களுக்கு வருகிறேன். பக்கவாட்டில் சுற்றும் மூன்று கை பிரஷ் இருக்கிறதே, அது தளர்ந்து கிடக்கும் ஒயரைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும். போன் சார்ஜர் ஒயர் என்றால் பிளக்கிலிருந்து பிடுங்கி இழுத்துக்கொண்டே போகும், மேசைவிளக்கு ஒயர் என்றால் விளக்கே கீழே விழும். டிவிக்குப் பின்னால் இருந்த ஒயர் கூட்டத்தையெல்லாம் சுவரில் கிளிப் அடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். எக்ஸ்டென்ஷன் போர்டைச் சுவரிலேயே ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டேன். ஓரத்தில் குஞ்சம் தொங்கும் மிதியடியும் இதே வகைதான், குஞ்சத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. லேசான மிதியடிகளைக் கருவி தள்ளிக்கொண்டு போய் வாசலில் குவித்துவிடும், அவற்றின் அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒன்றை வெட்டிப் போட்டேன். தரையைத் தொடும் திரைச்சீலையைச் சில மாடல்கள் சுவர் என்று நினைத்து அதற்குப் பின்னால் போகவே போகாது. இரண்டு விரற்கடை மடித்துத் தைத்து உயர்த்தினால் பின்னாலும் பெருக்கும்.

சார்ஜ் ஏறும் டாக்கை எங்கே வைப்பது என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. டாக்கிலிருந்து அகச்சிவப்புக் கதிர் முன்னோக்கி விரிந்து வரும், கருவி பக்கத்தில் வந்ததும் அந்தக் கதிரைப் பிடித்துத்தான் நேராக உள்ளே போய் நிற்கும். இரண்டு பக்கமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலி இடம் விடச் சொல்லி என் கையேட்டில் இருக்கிறது. வெயில் நேரடியாக விழும் இடமும் கண்ணாடிக்கு எதிர்ப்புறமும் கூடாது. டாக் நகர்ந்துவிடாமல் அடியில் இரட்டைப் பக்க ஒட்டு டேப் போட்டுத் தரையில் ஒட்டினேன். இது சின்ன வேலை, ஆனால் பலன் பெரிது. டாக் இடம் மாறினால் கருவி கிளம்பும் இடம் மேப்போடு பொருந்தாமல், தான் எங்கே இருக்கிறோம் என்று தேடுவதிலேயே நேரத்தைக் கழிக்கும். முதல் மேப் போடும்போது எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, விளக்குகளைப் போட்டு, வீட்டில் இருப்பவர்களை ஒரு பக்கமாக உட்காரச் சொல்ல வேண்டும். குறுக்கே நடக்கும் கால்களைக்கூட அது தூண்கள் என்று வரைந்துவிடும்.

வைஃபையில் சேர்ப்பதில் திணறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் சேரும். ரௌட்டரில் 2.4-உம் 5-உம் ஒரே பெயரில் இருந்தால், சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிடுங்கள். வீட்டின் மேப் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்பதால் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்து இதை அதில்தான் சேர்த்திருக்கிறேன். இணையமே வேண்டாம் என்பவர்களுக்கு வாலெட்டுடோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது கருவியை நிறுவனத்தின் சர்வரோடு பேசவிடாமல் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே வைத்துவிடும். ஆனால் சில குறிப்பிட்ட மாடல்களில் மட்டும்தான் ஏற்ற முடியும், சிலவற்றைப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும், எனவே அந்த ஆசை இருந்தால் வாங்கும் முன்பே பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மேப் வந்ததும் அதில் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு அறை இருந்தது. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், இந்த அறையின் அளவிலேயே, கட்டிலோடு. பார்த்ததும் புரிந்துவிட்டது. அலமாரிக் கதவில் தரை வரைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. லேசர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி இந்தப் பக்கத்துக் கட்டிலின் காலில் பட்டு, அதே வழியில் திரும்பி வந்திருக்கிறது. நேர்கோட்டில் அவ்வளவு தூரம் போய் வந்ததாகக் கருவி கணக்குப் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டில் இருக்கிறது என்று வரைந்துவிட்டது. அந்த அறைக்குள் போக வேண்டும் என்று அலமாரிக் கதவை விடாமல் முட்டிக்கொண்டிருந்தது. ஆப்பில் அங்கே ஒரு தடைக்கோடு போட்டால் போகாது, ஆனால் தவறான சுவர்களை வைத்துக்கொண்டு அது இடத்தைக் கணக்கிடுவது நின்றுவிடாது. அதனால் கண்ணாடியின் அடிப்பகுதியில், லேசர் படும் உயரத்தில், பளபளப்பில்லாத டேப்பை நான்கு விரல் அகலத்துக்கு நீளமாக ஒட்டி, மேப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். பொய் அறை போய்விட்டது. பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கும் இதே வைத்தியம்தான். அங்கே லேசர் கண்ணாடியை ஊடுருவி வெளியே போய்விடும், அதனால் பால்கனியையும் வீட்டோடு சேர்த்து வரைந்திருந்தது.

அடுத்தது கறுப்புத் தரைவிரிப்பு. கருவியின் அடிவயிற்றில், முன் ஓரத்தில், சின்னச் சின்ன ஜன்னல்களாகப் பள்ளம் கண்டுபிடிக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அவை அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். ஒளி திரும்பி வராவிட்டால் கீழே படிக்கட்டு என்று அர்த்தம், உடனே பின்வாங்கிவிடும். அடர்ந்த கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் விரிப்பின் ஓரத்துக்கு வந்ததும் கருவி பள்ளம் என்று நினைத்துத் திரும்பிவிடுகிறது. சென்சார்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி ஏமாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். வீட்டில் ஒரே ஒரு படி இறக்கம் இருந்தாலும் அதைச் செய்யவே கூடாது, கருவி உருண்டு விழுந்துவிடும். கீழே யாராவது நின்றால் அது இன்னும் மோசம். நான் விரிப்பைத்தான் மாற்றினேன். வெளிர் நிறத்தில் ஒன்றைப் போட்டு, கறுப்பு விரிப்பைக் கருவி போகாத அறைக்கு மாற்றிவிட்டேன். இதே சென்சார்கள் தூசி படிந்தாலும் பொய்ப் பள்ளம் காட்டும். சமதரையில் நின்றுகொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போனால் முதலில் அவற்றை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை நிலைப்படி. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு கையகலத்தில் கல் பதித்த படி. இந்தக் கருவி 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். தினமும் தூக்கி அந்தப் பக்கம் விடுவதென்றால் வாங்கியதே வீண், அதனால் இரண்டு பக்கமும் சரிவு வைக்க முடிவு செய்தேன். மரத்தை அறுப்பதற்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை வெட்டி, அடுக்கி ஒட்டி, மாதிரிச் சரிவு செய்து சோதித்தேன். 8 சென்டிமீட்டர் நீளச் சரிவில் முன்பகுதி சுலபமாக ஏறியது, ஆனால் உச்சிக்கு வந்ததும் வயிறு படியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, சக்கரங்கள் இரண்டும் சும்மா சுற்றின. அதோடு மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால் பள்ளம் பார்க்கும் சென்சார் தரையைத் தொலைத்துவிட்டு, இது படிக்கட்டு என்று பின்வாங்கவும் செய்தது. 15 சென்டிமீட்டருக்கு நீட்டியதும் இரண்டு தொல்லையும் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் சரிவு 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இதைவிடச் செங்குத்தாக வைக்க வேண்டாம், இடம் இருந்தால் இன்னும் படுக்க வையுங்கள்.

பிறகு 3 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையை வாசலின் முழு அகலத்துக்கு அறுத்து, இழைப்புளியால் ஒரு பக்கத்தை மூன்று சென்டிமீட்டரிலும் மறுபக்கத்தைத் தாள் கனத்திலும் முடியும்படி சீவினேன். அந்த மெல்லிய ஓரம் சீக்கிரம் பிளந்துவிடும் என்பதால் கடைசி இரண்டு மில்லிமீட்டரை விட்டுவிட்டு நிறுத்திவிட்டேன், அந்த அளவுப் படியைக் கருவி கவனிப்பதே இல்லை. படியோடு சேரும் மேல் விளிம்பின் கூர்மையை உப்புத்தாளால் உருட்டிவிட்டேன். வார்னிஷ் அடித்த மரத்தில் சக்கரம் வழுக்கியது, அதனால் படிக்கட்டுகளில் ஒட்டும் சொரசொரப்பான டேப்பை இரண்டு வரிசையாக ஒட்டினேன். அடியில் ரப்பர் வலை. வாசலின் பாதி அகலத்துக்கு மட்டும் சரிவு வைத்தாலே கருவிக்குப் போதும்தான், ஆனால் பக்கவாட்டு விளிம்பில் அம்மா கால் இடறிவிடுவாரோ என்ற பயத்தில் முழு அகலத்துக்கும் வைத்து, சரிவு தொடங்கும் இடத்தில் மஞ்சள் டேப்பும் ஒட்டினேன். "இப்ப எனக்கும் இந்தப் படி ஏறுறது சுலபமா இருக்குப்பா" என்றார் அம்மா. நான் கருவிக்காகச் செய்தது அவர் முழங்காலுக்கும் உதவியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைக்குள் போன கருவி, திறந்து கிடக்கும் கதவின் பின்பக்கத்தைப் பெருக்கப் போகும்போது கதவைத் தள்ளித் தள்ளி அதுவே சாத்திக்கொள்ளும். அப்புறம் வெளியே வர வழியில்லாமல் சார்ஜ் தீரும்வரை உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுவரில் காந்தம் வைத்த கதவுப்பிடி போட்டதும் இது தீர்ந்தது.

இவ்வளவும் செய்த பிறகுதான் நேரம் குறித்து ஓடவிட்டேன். ஆரம்பத்தில் கூடவே இருந்து, எங்கே நிற்கிறது, எங்கே ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டே வந்தேன். முதல் சில தடவைகள் தூசிப் பெட்டி நடுவிலேயே நிறைந்துவிட்டது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் எத்தனை காலத்துத் தூசியோ, சாம்பல் நிறத்தில் பஞ்சாகத் திரண்டு வந்தது. அதற்குப் பிறகு அளவு குறைந்து, தினமும் ஓடினால் பெட்டியின் அடியில் ஒரு மெல்லிய படலம்தான். தினசரி ஓட்டம்தான் இதன் பலமே. வாரம் ஒரு முறை கனமான அழுக்கை ஒரேயடியாக எடுக்கும் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சமையலறைக்கு மட்டும் இரண்டு சுற்று வைத்திருக்கிறேன், அங்கே உறிஞ்சும் வேகத்தைவிடப் பக்கப் பிரஷ்ஷின் வேகம்தான் கவனிக்க வேண்டியது. கெட்டித் தரையில் கனமான துகள்களை அது உள்ளே தள்ளாமல் சிதறடித்துவிடும். மெதுவான ஓட்டத்தில் இரண்டு சுற்று விட்டால் சிதறல் குறைகிறது.

இனி பழுதுகள். எங்கள் வீட்டில் நீளமான தலைமுடிதான் இந்தக் கருவிக்கு முதல் எதிரி.

ஒரு கட்டத்தில் கருவி நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மேப்பைச் சாய்வாகப் போட ஆரம்பித்தது. டைல்ஸில் மெல்லிய கோடுகளும் விழுந்தன. முன்னால் இருக்கும் சின்ன உருளும் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தால் சுற்றவே இல்லை, தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது. இதற்கு ஸ்குரூ எதுவும் கிடையாது. தட்டை ஸ்குரூடிரைவரை ஓரத்தில் நுழைத்து நெம்பி, நேராக மேலே இழுத்தால் சக்கரம் அதன் கூட்டோடு கையில் வந்துவிடும். கூட்டிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கினேன். உள்ளே இரும்பு அச்சின் இரண்டு பக்கமும் முடி மோதிரம் மோதிரமாக இறுகி, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி கெட்டியாகியிருந்தது. விரலால் இழுத்தால் வராது. தையலைப் பிரிக்கத் தையற்காரர்கள் வைத்திருக்கும் சின்னக் கொக்கிக் கத்தியை அச்சோடு ஒட்டி நுழைத்து வெட்டினால் ஒரே துண்டாகக் கழன்று வருகிறது. கூட்டின் கம்பி இறங்கும் குழியிலும் முடி இருக்கும், அதைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். எண்ணெய் விடத் தோன்றும், விடாதீர்கள், தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு சீக்கிரமே திரும்ப அடைத்துவிடும். சில மாடல்களில் இந்தச் சக்கரம் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. மேலே இருக்கும் சென்சார் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் கருவி நகர்கிறதா என்று தெரிந்துகொள்கிறது, வெள்ளைப் பகுதி அழுக்கேறினால் மாட்டிக்கொண்டேன் என்று நின்றுவிடும். சக்கரத்தைச் சுத்தம் செய்து கிளிக் என்று சத்தம் வரும்வரை அமுக்கி மாட்டியதும் சாய்வு மேப் நேரானது.

நடு பிரஷ்ஷில் நடுப்பகுதி முடி கண்ணுக்குத் தெரியும், எல்லோரும் அதை எடுத்துவிடுவார்கள். ஓரங்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு முனையில் இருக்கும் மூடியை இழுத்துக் கழற்றினால் பேரிங்கைச் சுற்றி முடி இறுகியிருக்கும். அதை அப்படியே விட்டால் உராய்வில் சூடேறி பிளாஸ்டிக் உருகி, பிரஷ் உட்காரும் குழியே கெட்டுவிடும், பிறகு பிரஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. பக்கப் பிரஷ் ஒரே ஒரு ஸ்குரூதான், அதைக் கழற்றி அடியில் சுற்றியிருக்கும் முடியை எடுப்பதையும் இதோடு செய்துவிடுகிறேன். ரப்பர் பிரஷ்ஷில் முடி கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது, கிடைத்தால் அதையே போடுங்கள்.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பெட்டி பாதிகூட நிறையாமலேயே உறிஞ்சுவது குறைந்துவிடும், மோட்டார் சத்தம் மட்டும் கீச்சென்று உயரும். அந்தச் சத்தம் கேட்டதும் ஃபில்டரை எடுத்துக் குப்பைத்தொட்டியின் ஓரத்தில் தட்டுவேன். கழுவக்கூடிய வகை என்றால் வெறும் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி அதிலேயே சேறாகிவிடும், ஈரம் மோட்டாருக்கும் போகும். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதால் எனக்குக் காத்திருக்கும் வேலை இல்லை.

லேசர் மேடு சுற்றாமல் நின்ற பழுது கொஞ்சம் பயமுறுத்தியது. கிளம்பிய இடத்திலேயே நின்று, லேசர் தடைபட்டிருக்கிறது என்று குரல் கொடுத்தது. மேல் மூடியைத் திறந்து, மேட்டின் உறையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றினால், பக்கத்தில் ஒரு சின்ன மோட்டாரும், அதிலிருந்து லேசர் தட்டைச் சுற்றும் மெல்லிய ரப்பர் பெல்ட்டும் தெரிந்தன. ஒரு நீள நூல் பெல்ட்டுக்கும் மோட்டாரின் பல்லுக்கும் நடுவில் புகுந்து இறுகியிருந்தது. கருவியை முழுசாக அணைத்துவிட்டு, சாமணத்தால் நூலை எடுத்து, தட்டை விரலால் மெதுவாகச் சுற்றி, எங்கும் பிடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு மூடினேன். லேசர் ஜன்னலை விரல் படாமல் துணியால் துடைத்தால் போதும். எல்லா மாடலிலும் பெல்ட் இருக்காது, சிலவற்றில் மோட்டார் நேராகத் தட்டோடு சேர்ந்தே இருக்கும்.

ஈரத்துணி மாட்டித் துடைக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெறும் துணியை இழுத்துக்கொண்டு போகும் வகை தூசிப் படலத்தை எடுக்கும், ஒட்டிக் காய்ந்த கறையை எடுக்காது. முதல் அறையில் அழுக்கான துணியோடு மூன்றாவது அறைக்குப் போகும். அதனால் அறைக்கு அறை துணியை மாற்றுகிறேன், தண்ணீர்த் தொட்டியில் சோப்போ வாசனைத் திரவமோ ஊற்றுவதில்லை, உள்ளே இருக்கும் மெல்லிய குழாய் அடைத்துவிடும். வேலை முடிந்ததும் துணியைக் கழற்றிவிட வேண்டும், ஈரத்தோடு டாக்கில் நின்றால் நாற்றம் பிடிக்கும்.

மூலைகள், படிக்கட்டு, ஜன்னல் விளிம்பு எல்லாம் இன்னும் கையால்தான். வட்டமான கருவி தொண்ணூறு டிகிரி மூலைக்குள் போகாது, பக்கப் பிரஷ் எட்டிய மட்டும்தான். அதை நீளக்கைப் பிரஷ்ஷால் நின்றுகொண்டே நான் செய்துவிடுகிறேன்.

கடைசியாக நான் செய்தது பேட்டரி. முன்பு வீடு முழுவதையும் ஒரே சார்ஜில் முடித்தது, போகப் போகப் பாதியிலேயே டாக்குக்குத் திரும்பி, சார்ஜ் ஏற்றிக்கொண்டு மிச்சத்தை முடிக்க ஆரம்பித்தது. முதலில் டாக்கின் உலோகத் தகடுகளையும் கருவியின் அடியில் இருக்கும் தகடுகளையும் பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்துப் பார்த்தேன், ஏனென்றால் தகடு கறுத்துப்போனாலும் சார்ஜ் முழுசாக ஏறாது. அதில் மாற்றம் தெரியாததால் பேட்டரிதான் என்று முடிவானது. என் கருவியில் இருப்பது 14.4 வோல்ட், 5200 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் அயன், அதாவது சுமார் 75 வாட் மணி. லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவு குறைவது இயல்புதான். அடிப்பக்க மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றி, பிளக்கைப் பிடித்து இழுத்து, ஒயரைப் பிடித்து இழுக்காமல், பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். வோல்ட்டும் பிளக்கின் வடிவமும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உப்பியிருக்கும் பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போடக் கூடாது, பழையதைக் குப்பையிலும் போடக் கூடாது, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். புதியது போட்டதும் கருவி பழையபடி ஒரே மூச்சில் வீட்டை முடிக்கிறது. இதுபோல ஒன்றை வாங்கப் போகிறவர்கள் ஆர்டர் போடும் முன்னால் அந்த மாடலுக்கு பேட்டரி, நடு பிரஷ், பக்கப் பிரஷ், ஃபில்டர், முன் சக்கரம் இந்த ஐந்தும் தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காத மாடல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.